கப்பலில் இருந்த தம்பி

என் தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான் என்று நான் முதன்முதலில் சொன்னது பக்கத்து வீட்டுக்காரியிடம். அவள் பாவம், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "என்னக்கா, தம்பியைக் கண்ணுலயே காணோம்?" அப்போது நான் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு சட்டைக் காலரை மடித்துக்கொண்டிருந்தேன். ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு நிமிர்வதற்குள் கப்பல் வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. எங்கள் பரம்பரையில் ஒருத்தர்கூடப் படகில் கால் வைத்ததில்லை.

அவன் ஜெயிலில் இருந்தான்.

செய்யாத குற்றத்துக்காக ஒன்றும் இல்லை. கூட்டாளி ஒருத்தனோடு வண்டியில் போய், ஓரமாக நடந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் கைப்பையைப் பிடித்து இழுத்தான். அவள் பையை விடவில்லை. விழுந்து கொஞ்ச தூரம் இழுபட்டாள். உயிர் பிழைத்தாள், ஆனால் இடது கை பிறகு சரியாக மடங்கவே இல்லை. வழக்கு நடந்த நாட்களில் அந்தக் கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். நான் ஒருநாளும் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. கையை வைத்துப் பிழைக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா அது என்ன நஷ்டமென்று? எங்களைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லாதது நல்லதாகப் போயிற்று என்று அன்று நினைத்தேன். பெற்றவர்கள் இல்லாத வீட்டில் அந்த வெட்கம் முழுவதும் என் தலையில்தான் விழும் என்பது பிறகுதான் தெரிந்தது.

பொய்யைச் சொல்வது சுலபம், அதைக் கட்டிக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. மாதாமாதம் அவனைப் பார்க்கப் போகும்போது "கப்பல் கம்பெனி ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று என் தையல் கடைக் கதவைச் சாத்துவேன். திரும்பி வரும்போது முகம் வீங்கியிருந்தால், "புயலாம், போன்ல பேசவே முடியலையாம்" என்பேன். தெருவே எனக்காக வருத்தப்படும். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், வாய் திறந்து பேசவே யோசிக்கிற மனிதர். அவரே ஒருநாள், "ஏம்மா, கப்பலைக் கொஞ்சம் மெதுவா ஓட்டு, எங்கேயாவது முட்டிக்கப் போகுது" என்றார். நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதில் உச்சம் சோப்பு விவகாரம். என்னிடம் துணி தைக்க வருகிறவர்களில் லைப்ரரியன் மேடம் என்று ஒருவர். பக்கத்துத் தெருக்காரர், ஒரு காலேஜில் புத்தகசாலையைப் பார்த்துக்கொள்கிறவர். கைநீளம் அரை விரல் அதிகமாக இருந்தாலும் பிரித்துத் தைக்கச் சொல்வார். ஆனால் மரியாதை தெரிந்தவர், என்னை ஒருநாளும் "நீ" என்று சொன்னதில்லை. அவர் மெச்ச வேண்டும் என்று எனக்கு என்னவோ ஆசை. ஒருமுறை கடைத்தெருவில் வாசனை சோப்பு ஒன்று வாங்கி, மேலுறையைக் கிழித்துவிட்டு, வெறும் மெல்லிய தாளில் சுற்றி அவரிடம் நீட்டினேன். "தம்பி போன துறைமுகத்துல வாங்கினதாம் மேடம்" என்றேன். அவர் மூக்கருகே வைத்துப் பார்த்து, "ரொம்ப அருமையா இருக்கே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வெட்கம் கெட்டவள் நான்.

தண்டனை முடிந்து அவன் வந்தபோது புதுச் சிக்கல். கப்பலிலிருந்து வருகிறவன் வெயிலிலும் உப்புக் காற்றிலும் கறுத்திருக்க வேண்டாமா? இவன் வெந்நீரில் ஊறிய விரல் மாதிரி வெளுத்துப் போய் வந்து நின்றான். "அடித்தளத்துல, மெஷின் ரூம்ல வேலை, வெளிச்சமே படாது" என்று தெருவுக்குச் சமாதானம் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், மறுத்துப் பேசவில்லை. என் பெண் அவன் மடியில் ஏறி, "மாமா, திமிங்கலம் பார்த்தியா?" என்று கேட்டாள்.

"பார்த்தேன். ரொம்ப தூரத்துல" என்றான்.

"முதுகு தெரிஞ்சுதா?"

"முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது."

குழந்தையிடம்கூட எனக்காகப் பொய் சொன்னான். எனக்காகத்தான் சொல்கிறான் என்று தெரிந்தும் நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே இருந்தபோது அவன் படிக்க ஆரம்பித்திருந்தான். ஒரு காலேஜிலிருந்து கணக்கு வாத்தியார் ஒருவர் வாராவாரம் வந்து பாடம் நடத்தியிருக்கிறார். முதலில் வெயிலுக்கு ஒதுங்குகிற மாதிரிதான் போய் உட்கார்ந்தானாம். பிறகு விடாமல் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் காய்ச்சல் வந்து படுத்துக்கொள்கிறவன், உள்ளே இருந்தபடியே பரீட்சைகளை எழுதித் தேறிவிட்டான். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? கப்பலில் ஏது பரீட்சை?

வந்து சில மாதங்கள் ஒரு மரக்கடையில் பலகை அடுக்கும் வேலைக்குப் போனான். ஒரு நாள் சாயங்காலம் என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றான். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அப்படித்தான் நிற்பான், நாமாகப் பார்க்கும் வரைக்கும் பேசமாட்டான்.

"என்னடா?"

"அக்கா, அந்தக் காலேஜ்ல இடம் தராங்களாம். உள்ளேயிருந்து வந்தவங்களுக்கும். முன்னாடியெல்லாம் அப்ளிகேஷன்லயே ஜெயிலுக்குப் போனியான்னு கேட்டு ஒதுக்கிடுவாங்க. புதுசா வந்த பிரின்சிபால் அம்மா அந்தக் கேள்வியையே எடுத்துட்டாங்களாம். வாத்தியார் என் பேரைச் சொல்லியிருக்கார்."

"அப்புறம் என்ன, போய்ச் சேர வேண்டியதுதானே? மரப்பலகையா அடுக்கிட்டே கிழவனாகப் போறியா?"

"வீட்டுலேருந்து ஒருத்தர் வரணும்க்கா. வந்து பேசணும். அதுக்கு அப்புறம்தான் முடிவு சொல்வாங்க." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு இது வேணும்க்கா" என்றான்.

சின்ன வயதிலிருந்தே எதையும் வேண்டும் என்று கேட்காத பயல். கேட்டு வாங்கப் பழகியிருந்தால் பிடுங்கப் போயிருக்க மாட்டானோ என்னவோ. உடனே கோபம் வந்துவிட்டது. எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வரும். "வரேன்னு சொல்லித் தொலைடா, அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே" என்று கத்தினேன்.

அந்தக் காலேஜின் பெயரை அவன் பிறகுதான் சொன்னான். லைப்ரரியன் மேடம் வேலை பார்க்கிற அதே காலேஜ்.

அவனுக்கு ஒரு புதுச் சட்டை தைக்கலாம் என்று அளவு எடுக்கக் கூப்பிட்டேன். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, "கையைத் தூக்கு" என்றேன். அவன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் விரித்துச் சுவரில் ஊன்றி, கால்களை அகட்டி நின்றுவிட்டான். என்னிடம் யாரும் அப்படி நின்று அளவு கொடுத்ததில்லை. என்ன செய்கிறான் என்று புரியவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அங்கே அவனைத் தினமும் சோதனை போட்டவர்கள் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அவனுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையை இறக்கிவிட்டுத் திரும்பினான். காது வரைக்கும் சிவந்திருந்தது.

"பழக்கமாயிடுச்சுக்கா."

"சரி சரி, முதுகு அளவு அப்படியே எடுத்துடலாம், நல்லதாப் போச்சு" என்று சிரித்து மழுப்பினேன். டேப்பில் எண்ணைப் பார்த்தேனே தவிர மனதில் ஒன்றும் பதியவில்லை. இரண்டாவது முறை எடுத்தேன்.

போகிற நாள் காலையில், காலேஜ் வாசலில் நின்று காவலாளியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, லைப்ரரி எந்தப் பக்கம் என்பது. அவர் இடது பக்கம் கை காட்டினார். நான் தம்பியை வலது பக்கமாக இழுத்துக்கொண்டு, விளையாட்டு மைதானத்தைச் சுற்றி, சைக்கிள்கள் நிறுத்துகிற கொட்டகை வழியாக, பின்வாசலில் போய் ஏறினேன். புதுச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

"ஏன்க்கா இப்படிச் சுத்தி வரோம்?"

"நிழல் இருக்குல்ல, பேசாம வா."

ஒரு மரத்தின் நிழல்கூட அந்த வழியில் இல்லை.

அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு முதலில் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நீளமான மேசை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பிரின்சிபால் அம்மா. இந்தப் பக்கம், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்ட ஒருவர், அவர்தான் கணக்கு வாத்தியாராக இருக்க வேண்டும். அந்தப் பக்கம், நான் தைத்துக் கொடுத்த இளநீல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, லைப்ரரியன் மேடம்.

புத்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இங்கே என்ன வேலை என்று அவர் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது. அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். நான் பதிலுக்குச் சிரித்தேனா, இளித்தேனா தெரியவில்லை.

பிரின்சிபால் அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "உங்க தம்பி படிப்புல ஒரு குறையும் இல்லை. நாங்க கேட்கப் போறது வேற. போன வருஷம் இதே மாதிரி ரெண்டு பேரைச் சேர்த்தோம். ரெண்டு பேருமே பாதியில நின்னுட்டாங்க. படிக்க முடியாம இல்லை. வீட்டுல எல்லாத்தையும் மூடி மறைச்சிருந்தாங்க. இங்கே யாராவது பார்த்துடுவாங்களோ, வெளியே தெரிஞ்சிடுமோன்னு பயந்தே வராம போயிட்டாங்க. அதனால இப்போ வீட்டுக்காரங்க வாயாலயே கேட்டுக்கறோம். சொல்லுங்கம்மா, உங்க தம்பி இத்தனை வருஷமா எங்கே இருந்தார்?"

அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்கள். ஜெயிலுக்குள் போய் அவனுக்குப் பாடம் நடத்தியவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு சொல்தான் நான் சொல்ல வேண்டியது. அதைச் சொன்னால் அவனுக்குப் படிப்பு. நான் லைப்ரரியன் மேடத்தைப் பார்த்தேன்.

"கப்பல்லங்க" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் வாய் நிற்கவில்லை. மெஷின் ரூம் என்றேன். ரொம்பக் கஷ்டமான வேலை என்றேன். வாத்தியார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். லைப்ரரியன் மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டார். பிரின்சிபால் அம்மா, "சரி, அவரையும் கூப்பிடுங்க" என்றார்.

தம்பி வந்து நின்றான். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"உங்க அக்கா நீங்க கப்பல்ல இருந்ததா சொல்றாங்களேப்பா."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு லைப்ரரியன் மேடத்தைப் பார்த்தான். அவர் என் கடைக்கு வருகிறவர் என்று அவனுக்குத் தெரியும், பலமுறை பார்த்திருக்கிறான். மைதானத்தைச் சுற்றி வந்தது ஏன் என்று அந்த நிமிஷத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"அக்காவுக்குத் தெரியாதுங்க மேடம்" என்றான். "நான்தான் கப்பல்ல இருக்கேன்னு சொல்லி ஏமாத்திட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்லை."

"வீட்டுல யாருக்குமே தெரியாதா?"

"தெரியாதுங்க."

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பி அவரைப் பார்த்து வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தான். பிரின்சிபால் அம்மா பெருமூச்சு விட்டார். "அப்படின்னா இந்த வருஷம் கஷ்டம்ப்பா. சொந்த அக்காவையே இவ்வளவு நாளா ஏமாத்தியிருக்கேன்னு நீங்களே சொல்றீங்க. முதல்ல வீட்டுல எல்லாத்தையும் சொல்லுங்க. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதையெல்லாம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அப்பாடா, தப்பித்தேன் என்றுதான் இருந்தது. லைப்ரரியன் மேடம் முன்னால் நான் பொய்க்காரி இல்லை, ஏமாந்துபோன அப்பாவி. இனிமேலும் அவர் துணி கொண்டுவருவார். பாவம் என்று நாலு வார்த்தை சொல்வார்.

"சரிங்க மேடம். ரொம்ப நன்றி" என்றான் தம்பி. திரும்பாமல், முதுகைக் காட்டாமல், பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்து நகர ஆரம்பித்தான். ஜெயிலில் அதிகாரிகள் முன்னால் அப்படித்தான் போக வேண்டும் போலிருக்கிறது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் பின்னால் போகிற என் தம்பியைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வெறி வந்ததோ.

"டேய், நில்லுடா!"

நாற்காலி சாய்ந்து விழுந்தது. "யாருக்குடா தெரியாது? எனக்கா தெரியாது? மாசம் தவறாம அந்தக் கம்பி வலைக்கு முன்னாடி வந்து நின்னது யாரு, உங்கப்பனா? பல்பொடியும் பனியனும் சுமந்துட்டு வந்தது யாரு? பையைக் கொட்டிக் கவிழ்த்து, என்னைத் தடவிப் பார்த்து உள்ளே விடுவாளுங்களே, அதெல்லாம் எனக்கா தெரியாது? நானா ஏமாந்தவ? வாய் கூசாம சொல்றியேடா பாவி!"

உங்கப்பன்தான் எனக்கும் அப்பன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. வாத்தியார் சிரிப்பை அடக்க முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெயில்லதான் இருந்தான் மேடம்" என்றேன். அந்தச் சொல்லை ஜெயிலுக்கு வெளியே நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் முறை. "வழியில போன பொம்பளை கையை உடைச்சுட்டு ஜெயிலுக்குப் போனான். கப்பலும் இல்லை, கடலும் இல்லை. எல்லாம் நான் அவிழ்த்துவிட்டது. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்காகச் சொல்றான். அதுக்காக அவன் படிப்பைக் கெடுத்துடாதீங்க."

பிறகு லைப்ரரியன் மேடம் பக்கம் திரும்பினேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "அந்த சோப்பு இங்கே கடைத்தெருவுல வாங்கினது மேடம்" என்று சொல்லி அழுதேன்.

"தெரியும்" என்றார் அவர். "நானும் இந்தச் சேர்க்கைக் குழுவுல இருக்கேன், தம்பி பேரும் விலாசமும் எங்ககிட்ட வந்து ரொம்ப நாளாச்சு. போன வாரம் கைநீளம் பார்த்துட்டிருந்தீங்களே, அப்போகூட ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்கன்னு கேட்டேன். நீங்க அரை விரல் குறைக்கலாமான்னு கேட்டீங்க."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தெரிந்துகொண்டே என் கடையில் வந்து உட்கார்ந்து, என் கப்பல் கதையைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார். அவர் நல்லவராக இருந்தது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

மூன்று பேரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிரின்சிபால் அம்மா தம்பியிடம், "அடுத்த வாரம் வகுப்பு தொடங்குது. வந்துடுங்க" என்றார். என்னிடம், "இனிமே மறைக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டார். "சத்தியமா மாட்டேன் மேடம்" என்றேன்.

வெளியே வந்தோம். இந்த முறை நேர் வழியாக, லைப்ரரி வாசலைத் தாண்டித்தான் வந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பை வாங்க வேண்டும், பேனா வாங்க வேண்டும், மரக்கடைக்காரரிடம் சாயங்கால வேலைக்கு மாற்றிக் கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தேன். அவன் இரண்டடி பின்தங்கியே வந்தான். பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றதும் கேட்டேன், "என்னடா, இடம் கிடைச்சிருக்கு, சிரிச்சாத்தான் என்னவாம்?"

"அக்கா, தெருவுல கப்பல்னு சொன்னியே, அது எனக்குத் தப்பா படவே இல்லை" என்றான். சாலையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான். "நான் கூசிப் போயிடக் கூடாதுன்னுதான் நீ அப்படிச் சொல்றேன்னு நினைச்சிட்டிருந்தேன். இங்கே எனக்குக் கூச ஒண்ணுமில்லை. எல்லாம் தெரிஞ்சவங்க. இங்கேயும் சொன்னியே."

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"உலகத்துலயே உனக்கு மட்டும்தான் என்னால வெட்கம் இல்லைன்னு நினைச்சேன்க்கா. அதை வச்சுத்தான் உள்ளே நாளை ஓட்டினேன்."

இல்லைடா என்று சொல்ல வாய் வந்தது. இனிமேல் அவனிடம் எந்தப் பொய்யும் செல்லாது என்று தெரிந்தது. "வெட்கமாத்தான்டா இருந்துச்சு" என்றேன். "ஒவ்வொரு தடவையும். அந்த வாசல்ல நிக்கும்போது தெரிஞ்சவங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு செத்துச் செத்துப் பிழைப்பேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவனுக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"தெரிஞ்சிருந்தா உன்னை வரவே வேணாம்னு சொல்லியிருப்பேன்க்கா."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பீறிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை. முன் இருக்கையில் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, என்னாச்சு? ஏன் இப்படி அழறீங்க?"

முன்பின் தெரியாதவர். இனிமேல் வாழ்நாளில் பார்க்கப் போவதும் இல்லை. சத்தியம் செய்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. தம்பி பக்கத்தில்தான் இருந்தான், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லைங்க. தம்பிக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு" என்றேன்.

"அட, நல்ல விஷயமாச்சே! இத்தனை நாள் தம்பி என்ன பண்ணிட்டிருந்தார்?"

நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவன்தான் பதில் சொன்னான்.